ஊரே என் நண்பன், யுவர் ஆனர்!

வாட்ஸ்அப்பில் இன்று ஒரே அமுக்கில் 2 ஜிபி வரை அனுப்பலாம். அனுப்புகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வாங்குகிறவர் அதைத் திறப்பதே இல்லை. ஃபேமிலி குரூப்பில் பெரியப்பா போட்ட நாற்பது பக்க பிடிஎஃப் எத்தனை பேர் போனில் வாடகை கொடுக்காமல் குடித்தனம் நடத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். மனித வரலாற்றில் இவ்வளவு சுலபமாக, இவ்வளவு பேருக்கு, இவ்வளவு வேண்டாத பொருளை யாரும் அனுப்பியதில்லை.

இதே அற்பக் காரியத்துக்காக, அதாவது சாட் பண்ணுகிற ஆளுக்கு ஒரு ஃபைலைத் தள்ளிவிடுவதற்காக, அமெரிக்காவில் ஒரு காலத்தில் கம்பெனி திவாலாகியிருக்கிறது. இருபது சொச்சம் வயசுப் பையன் ஒருவன் உலகத்தின் மகா பெரிய மீடியா சாம்ராஜ்யத்தின் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறான். ‘நண்பன் என்றால் யார்?’ என்ற கேள்வியில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் தலையைக் கொடுத்திருக்கிறார். தத்துவ வகுப்பில் அல்ல, தீர்ப்பில்!

கதைக்குள் போகுமுன் அந்தக் காலத்து ஃபைல் அனுப்பும் சடங்கைப் பார்த்துவிடுவோம். 1996-இல் இஸ்ரேலின் மிராபிலிஸ் என்ற குட்டிக் கம்பெனி ஐசிக்யூ என்ற அரட்டை மென்பொருளை வெளியிட்டது. 1997-இல் அமெரிக்காவின் ஏஓஎல், எய்ம் என்ற மெசஞ்சரை இறக்கியது. அடுத்த ஆண்டே ஐசிக்யூவையும் 28.7 கோடி டாலர் கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டது. ஒரே தெருவில் இரண்டு கடை, இரண்டுக்கும் ஒரே முதலாளி. அரட்டையில் காசு எப்படி வரும் என்று மட்டும் முதலாளிக்குத் தெரியாது.

மெசஞ்சர் சர்வர் பொதுவாக உங்கள் ஃபைலை வாங்கி வைத்துக்கொள்ளாது. ‘இவர்தான் அவர், அவர்தான் இவர்’ என்று இரண்டு கம்ப்யூட்டர்களையும் அறிமுகம் செய்துவைத்துவிட்டுக் கழன்றுகொள்ளும். அதற்குப் பிறகு உங்கள் பாடு, உங்கள் மோடம் பாடு. மோடம் பெட்டியில் ‘56 கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது இறக்குவதற்கான கணக்கு. ஏற்றுவதற்கு அதிகபட்சம் 33.6 தான். 4 எம்பி பாட்டு ஒன்றை நண்பனுக்கு அனுப்ப, எல்லாம் சரியாக நடந்தாலே 16 நிமிடம். எல்லாம் சரியாக நடக்காது. 94 சதவீதத்தில் அம்மா போனை எடுப்பார்.

எய்மில் இன்னொரு தாராளமான ஏற்பாடும் இருந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்துவிட்டால், உங்கள் ‘பட்டி லிஸ்ட்’டில் இருக்கும் நண்பர்கள் வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். வீட்டைத் திறந்துபோட்டு ஃபைலை அள்ளிக்கொள்ளச் சொன்ன அந்தப் புண்ணியவானின் பெயர் ஏஓஎல். இதை மறந்துவிடாதீர்கள். ஏஓஎல் சீக்கிரமே மறந்துவிடும்.

முதல் சண்டை ஃபைலுக்காக வரவில்லை, நண்பர்களுக்காக வந்தது. 1999 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மெசஞ்சரை வெளியிட்டது. பிள்ளை பிறந்த அன்றைக்கே அதற்கு நண்பர்கள் எங்கிருந்து வருவார்கள்? அதனால் எய்ம் நண்பர்களோடும் இதிலிருந்தே பேசலாம் என்று ஏஓஎல் சர்வருக்குள் ஒரு திட்டிவாசல் போட்டுக்கொண்டார்கள். ஏஓஎல் அடைத்தது. மைக்ரோசாஃப்ட் வேறு இடத்தில் வாசல் போட்டது. அதையும் அடைத்தது. உலகின் இரண்டு பெரிய கம்பெனிகளின் மெத்தப் படித்த இன்ஜினீயர்கள் வாரக்கணக்கில் இதே வேலையாக இருந்தார்கள். அடுத்தவன் நண்பனிடம் ‘ஹாய்’ சொல்வதற்கு!

கடைசியில் ஏஓஎல் ஒரு விபரீதமான பூட்டுப் போட்டது. தன்னுடைய சொந்த மென்பொருளிலேயே இருந்த ஒரு ஓட்டை வழியாக சர்வரிலிருந்து சங்கேத வரி ஒன்றை அனுப்பும். நிஜ எய்ம் அதற்குச் சரியாகப் பதில் சொல்லும். ஓட்டை இல்லாத மைக்ரோசாஃப்ட் பிரதி திருதிருவென்று விழிக்கும். யோசித்துப் பாருங்கள். நம் சரக்கில் ஓட்டை இருக்கிறது, ஆகவே இதுதான் ஒரிஜினல்! ஐஎஸ்ஐ முத்திரைக்குக்கூட இப்படி ஒரு விளக்கம் யாரும் கொடுத்ததில்லை.

இந்த ஓட்டை பற்றி ஒரு பாதுகாப்பு நிபுணருக்கு ரகசிய மெயில் போனது. அனுப்பியவர் பெயர் ஃபில் பக்கிங், சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கும் அப்பாவி டெவலப்பராம். ஏஓஎல் செய்வது அநியாயம் என்று மனம் நொந்து எழுதியிருந்தார். நிபுணர் மெயிலின் தலைப்பகுதியைப் புரட்டிப் பார்த்தார். அது புறப்பட்ட இடம் மைக்ரோசாஃப்டின் நெட்வொர்க். வேடிக்கை என்னவென்றால், மெயிலில் இருந்த விஷயம் முழுக்க உண்மை. ஆனால் அதற்குப் பிறகு ஓட்டையைப் பற்றி யார் பேசினார்கள்? ஒட்டு மீசையைப் பற்றித்தான் பேசினார்கள். சில மாதங்களில் மைக்ரோசாஃப்ட் சத்தமில்லாமல் வாசலை மூடிக்கொண்டது.

நண்பர்களை இப்படிக் கோட்டை கட்டிக் காப்பாற்றிய ஏஓஎல், அதே 1999-இல் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு வெடிகுண்டை விலை கொடுத்து வாங்கி வைத்தது. பெயர் ஜஸ்டின் ஃபிராங்கல். அரிசோனா மாநிலத்தின் செடோனா ஊர்ப் பையன். எம்பி3 பாட்டுக் கேட்க ஊரே வைத்திருந்த வின்ஆம்ப்பை எழுதியவன். அவனுடைய நல்சாஃப்ட்டையும் ஸ்பின்னர் என்ற இன்னொரு கம்பெனியையும் சேர்த்து 40 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்கினார்கள். அப்போது பையனுக்கு வயது 20. அந்த வயதில் நமக்கெல்லாம் அரியர் எத்தனை என்பதுதான் கணக்கு.

2000 ஜனவரியில் ஏஓஎல்லும் டைம் வார்னரும் இணையப்போவதாக அறிவித்தன. அமெரிக்கா அதுவரை கண்டிராத மாபெரும் கம்பெனிக் கல்யாணம். டைம் வார்னர் கையில் வார்னர் மியூசிக் இருந்தது. அதாவது திருட்டு எம்பி3 என்றாலே சாமி வந்து ஆடும் கூட்டத்தில் முக்கியமான புள்ளி. நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டே மாதம். மார்ச் 14 அன்று ஃபிராங்கல் தன் கம்பெனி தளத்தில் ஒரு புதிய மென்பொருளைப் போட்டான். நூட்டெல்லா. நடுவில் சர்வரே இல்லாமல், யார் வேண்டுமானாலும் யாருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். மூடுவதற்கு ஒரு கதவோ, வழக்குப் போட ஒரு முகவரியோ கிடையாது. அது கல்யாண மாப்பிள்ளை வீட்டுச் சமையலறையில் தயாரானது!

ஏஓஎல் பதறியடித்து அதைத் தூக்கியது. அது யாரோ அனுமதி வாங்காமல் சொந்த நேரத்தில் செய்த வேலை என்று கையைத் துடைத்துக்கொண்டது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் இறக்கிவிட்டார்கள். சில நாட்களில் வெளியாட்கள் அதன் உள்வேலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் புதிதாக எழுதவும் ஆரம்பித்தார்கள். பிற்பாடு ஊரெங்கும் பாட்டு அள்ளிய லைம்வயர் அந்த வம்சம்தான். ஃபிராங்கலை வேலையைவிட்டு அனுப்பினார்களா? இல்லை. அதுதான் இன்னும் பெரிய தப்பு.

இந்தக் கூத்துக்கு நடுவே நம் கதாநாயகர் நுழைகிறார். பெயர் ஜானி டீப். ஹாலிவுட் நடிகர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல, இவர் நியூயார்க் மாநிலத்து ஆசாமி. அப்போது நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பரிமாற்ற சேவை கோர்ட்டில் அடிபட்டுக்கொண்டிருந்தது. டீப்புக்கு ஒரு ஞானோதயம். முன்பின் தெரியாதவனுக்குப் பாட்டுக் கொடுத்தால்தானே குற்றம்? சிநேகிதனுக்குக் கொடுத்தால்? அதை யார் கேட்கமுடியும்? சிநேகிதர்கள்தான் ஏற்கெனவே மெசஞ்சரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே! ஏஓஎல்லின் எய்ம் மீது சவாரி செய்யும் ஒரு மென்பொருளை 2000 ஆகஸ்டில் வெளியிட்டார். நண்பர்கள் பட்டியலில் இருப்பவரின் கம்ப்யூட்டரில் தேடலாம், பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பெயர் எய்ம்ஸ்டர்.

‘எங்கள் எய்ம் பெயரை ஏன் திருடினாய்?’ என்று ஏஓஎல் பாய்ந்தது. டீப் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னார்: எய்மா? அது யார்? இது என் மகளின் செல்லப் பெயர். டீன் ஏஜ் மகள் ஒருத்தி அவருக்கு நிஜமாகவே இருந்தாள். பெயரும் கொஞ்சம் ஒத்துத்தான் போனது. ஆனால் மெசஞ்சர் மேல் ஏறி ஓடும் மென்பொருளுக்கு அந்த மெசஞ்சர் பெயரே தற்செயலாக மகளின் செல்லப் பெயராகவும் அமையும் பாக்கியம் எத்தனை அப்பாக்களுக்குக் கிடைக்கும்? நடுவர் குழு ஒன்று 2001 மே மாதம் எய்ம்ஸ்டரின் இணைய முகவரிகளை ஏஓஎல்லிடம் ஒப்படைக்கச் சொன்னது. மனிதர் அசரவில்லை. ‘மேட்ஸ்டர்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு கடையைத் தொடர்ந்தார். கோபத்தைப் போர்டிலேயே எழுதி மாட்டிய முதல் வியாபாரி அவராகத்தான் இருப்பார்.

டீப்பின் பேனாவிலிருந்து வந்த இன்னொரு அற்புதத்தைச் சொல்லாவிட்டால் பாவம். 2001 மார்ச்சில், பாட்டுக் கம்பெனிகள் பட்டியலிட்ட பாடல்களைத் தடுக்கச் சொல்லி நாப்ஸ்டருக்குக் கோர்ட் உத்தரவு. நாப்ஸ்டர் ஃபைலின் பெயரைப் பார்த்துத்தான் தடுக்க முடியும். உடனே எய்ம்ஸ்டர் ஒரு கருவியை இறக்கியது. முதல் எழுத்தை எடுத்துக் கடைசியில் ஒட்டும். மடோனா ‘டோனாம’ ஆகிவிடுவார். அவ்வளவுதான் தொழில்நுட்பம்! பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் புரியக்கூடாதென்று எழுத்துக்கு எழுத்து ‘க’ சேர்த்து நாம் பேசிய ‘க’ பாஷைதான் அமெரிக்கா போய் சாஃப்ட்வேராகப் பிறவி எடுத்திருந்தது.

சிரிப்பது இருக்கட்டும். அதற்குப் பின்னால் டீப் வைத்திருந்த வாதத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1998-இல் டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. டிஜிட்டல் பூட்டை உடைப்பது குற்றம் என்று பாட்டுக் கம்பெனிகளே கூவிக் கூவிக் கொண்டுவரச் செய்த சட்டம். ‘டோனாம’ என்பது எங்கள் பூட்டு. அதை ‘மடோனா’ என்று படித்தால் நீங்கள் பூட்டை உடைத்த குற்றவாளி என்றார் டீப். அவர்கள் பாலூட்டி வளர்த்த சட்டத்தை வைத்தே அவர்களைக் கொத்தவிடப் பார்த்தார். வக்கீல் மூளையா, வடிவேலு மூளையா என்று என்னால் இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை.

பாட்டுக் கம்பெனிகள் வழக்குப் போடப்போவது தெரிந்ததும் டீப் முந்திக்கொண்டார். ‘நான் நிரபராதி என்று அறிவியுங்கள்’ என்று அவரே கோர்ட்டுக்குப் போய்விட்டார். சில வாரங்களில் பாட்டுக்காரர்கள், சினிமாக்காரர்கள் எல்லாரும் வந்து விழுந்தார்கள். டைம் வார்னரின் பிரிவுகளும் அதில் உண்டு. ஆக, ஏஓஎல் டைம் வார்னர் குடும்பத்தின் மெசஞ்சரில் ஏறி ஓடிய மென்பொருள் மீது அதே குடும்பத்தின் பாட்டுப் பிரிவு வழக்கு. அந்த மெசஞ்சரில் ‘ஃபோல்டரைத் திறந்து வையுங்கள், எடுத்துக்கொள்வார்கள்’ என்ற வசதி அப்போதும் ஜோராக இருந்தது.

வழக்குகளை ஒன்றாகக் கட்டி சிகாகோவுக்கு அனுப்பினார்கள். 2002 செப்டம்பரில் கீழ்க்கோர்ட் தடை விதித்தது. டீப்பின் கம்பெனிகள் அதற்கு முன்பே திவால் மனு கொடுத்திருந்தன. மேல்முறையீடு ரிச்சர்ட் போஸ்னர் என்ற நீதிபதியிடம் வந்தது. புத்தகங்களாக எழுதிக் குவித்த மகா படிப்பாளி. இவரிடம் போய் டீப் தரப்பு வைத்த வாதம்: எல்லாமே சங்கேதக் குறியீட்டில் போகிறது. யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது, யுவர் ஆனர்!

பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை போஸ்னருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் 2003 ஜூன் 30 அன்று அவர் எழுதிய தீர்ப்பு அதையேதான் சொன்னது. தெரிந்துவிடக்கூடாது என்று வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டால், சட்டத்தின் பார்வையில் தெரிந்ததாகத்தான் அர்த்தம். போதாக்குறைக்கு, மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று எய்ம்ஸ்டரே கொடுத்திருந்த பாடத்தில் உதாரணமாகக் காட்டியதெல்லாம் காப்புரிமை உள்ள பாட்டுகளை மாற்றிக்கொள்வதுதான். கண்ணைக் கட்டிக்கொண்டவர், கட்டுவதற்கு முன் செய்முறை விளக்கம் கொடுத்துவிட்டுக் கட்டியிருக்கிறார்.

இன்னொரு கட்டத்தில் நீதிபதிக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. இந்த மென்பொருளை யாராவது ஒழுங்கான காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கலாமே, சொல்லுங்கள் என்றால் டீப் தரப்பிடமிருந்து ஒரு சாட்சியமும் இல்லை. போஸ்னரே உட்கார்ந்து யோசித்து ஐந்து வழிகளை எழுதினார். வாய்ப்புத் தேடும் புதுப் பாட்டுக் குழு தன் பாட்டைத் தானே பரப்பலாம். சொந்தமாக வாங்கிய சிடியை வெளியூரில் இருந்தபடி கேட்கலாம் என்று போகிறது அந்தப் பட்டியல். பரீட்சையில் வாத்தியாரே விடையைச் சொல்லிக்கொடுத்தும் மாணவன் பேனாவைத் திறக்கவில்லை. டீப் தோற்றார்.

நண்பர்கள் விவகாரம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. எய்ம்ஸ்டரில் சேருகிறவர் தன் நண்பர்கள் யார் யார் என்று குறிப்பிடலாம். குறிப்பிடாமல் சும்மா இருந்தால்? எய்ம்ஸ்டரில் இருக்கும் அத்தனை பேரும் அவருக்கு நண்பர்கள்! ‘யாதும் ஊரே’ கட்சிக்காரர்கள் இதைவிடச் சுருக்கமாகத் தங்கள் கொள்கையை நடைமுறைப்படுத்தியதில்லை. சிநேகிதனுக்குத்தான் கொடுக்கிறேன் என்ற ஜானி டீப்பின் மூல தத்துவம் இந்த ஒற்றை செட்டிங்கில் புட்டுக்கொண்டது.

எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ‘கிளப் எய்ம்ஸ்டர்’. மாதம் 4.95 டாலர் கட்டினால், அதிகம் பேர் இறக்கிய முதல் 40 பாட்டுகளின் பட்டியல் வரும். ஒரு கிளிக்கில் எடுத்துக்கொள்ளலாம். அதே பாட்டுகள் எய்ம்ஸ்டரில் இலவசமாகவும் கிடைத்தன. இலவசத்தைக் காசுக்கு விற்ற மேதை அவர். கோர்ட்டுக்குப் பதில் ஏதாவது ஓடிடி கம்பெனியில் பிற்காலத்தில் சேர்ந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

டீப் தீர்ப்புக்காகக் காத்திருந்தபோது, ஏஓஎல் வீட்டுக்குள் நம் பையனுக்கு மறுபடி கை அரித்தது. 2003 மே 28. நல்சாஃப்ட் தளத்தில் ‘வேஸ்ட்’ என்று ஒரு மென்பொருள் முளைத்தது. தாமஸ் பின்ச்சன் நாவல் ஒன்றில் வரும் ரகசியத் தபால் அமைப்பின் பெயர் அது. பத்து, இருபது, மிஞ்சினால் ஐம்பது பேர் கொண்ட நம்பிக்கையான சிறு வட்டம், அதற்குள் சாட், ஃபைல் பரிமாற்றம், எல்லாம் குறியீட்டில். ஒருவரின் சாவியை மற்றவர் ஏற்றுக்கொண்டால்தான் உள்ளேயே நுழைய முடியும். நண்பன் என்றால் யார் என்று டீப்பைவிட ஃபிராங்கல் ஒழுங்காக யோசித்திருந்தான். யோசித்த இடம்தான் தப்பு.

மறுநாளே ஏஓஎல் தூக்கியது. தூக்கியதோடு நிற்கவில்லை, அதை இறக்கியவர்களுக்கு உரிமை எதுவும் கிடையாது, கையில் இருக்கும் பிரதிகளை அழித்துவிடுங்கள் என்று தளத்தில் ஒரு அறிவிப்பையும் மாட்டியது. இணையத்தில் ஒரு பொருளைப் பிரபலமாக்க இதைவிடச் செலவில்லாத விளம்பரம் இல்லை. யார் வேண்டுமானாலும் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தோடு வெளியான மூலநிரல் வேறு. மக்கள் அழித்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் இந்த ரகளை எல்லாம் அடங்கிய பிறகு, 2006-இல், சாவகாசமாக வந்தது. விண்டோஸ் லைவ் மெசஞ்சரில் ஒவ்வொரு நண்பருக்கும் ஒரு பொது ஃபோல்டர். நீங்கள் ஃபைலைப் போட்டால் அவர் கம்ப்யூட்டரிலும் தோன்றும். நீங்கள் அழித்தால்? அங்கேயும் அழியும். நட்பு முறிந்தபோது எத்தனை கல்யாண போட்டோக்கள் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் காணாமல் போயினவோ! 2009 பதிப்பில் அந்த ஃபோல்டரும் காணாமல் போனது.

ஏஓஎல்லுக்கு வருவோம். 2002 கணக்கில் மட்டும் 9,800 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டிய ஏஓஎல் டைம் வார்னர் கம்பெனி, 2003 அக்டோபரில் தன் பெயரிலிருந்தே ‘ஏஓஎல்’லைக் கழற்றி எறிந்து வெறும் டைம் வார்னர் ஆனது. நவம்பரில் வார்னர் மியூசிக்கை 260 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. எந்தப் பாட்டுகளைக் காப்பாற்ற நூட்டெல்லாவைத் தூக்கினார்களோ, வேஸ்ட்டைத் தூக்கினார்களோ, ஜானி டீப்பைச் சிகாகோ வரை இழுத்தார்களோ, அந்தப் பாட்டுப் பெட்டியையே விற்றுவிட்டார்கள். 2004 ஜனவரியில் டீப்பின் மனுவை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்தது. அதே மாதம் ஃபிராங்கலும் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினான்.

எய்மை 2017 டிசம்பர் 15 அன்று மூடினார்கள். ஐசிக்யூ பல கைமாறி 2024 ஜூனில் கடையைக் கட்டியது. தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று ஏஓஎல் கேட்டுக்கொண்ட வேஸ்ட் மட்டும் இணையத்தில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமானால் இறக்கிக்கொள்ளலாம்.